அண்ணன் வாசலுக்குப் பின்பக்கம் காட்டிய மாடு

"சமாதானத்துக்குன்னு வெச்ச மாடு, இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் ஏன் தம்பி பின்பக்கத்தக் காட்டிக்கிட்டு நிக்குது?"

தேவிப்ரியா அக்கா இப்படிக் கேட்டபோது பேச்சை மாற்றினேன். காரணம் கிரிவலப் பாதையில் இருக்கும் எங்கள் அடி அண்ணாமலையில் எல்லோருக்கும் தெரியும். வெளியாளிடம் எப்படிச் சொல்வது?

அக்கா ரமணாசிரமம் பக்கம் தங்கும் விடுதி நடத்துபவர். நான் பிளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த 2002இல், அவரும் விடுதியில் தங்கியிருந்த சிலரும் சேர்ந்து செங்கம் சாலையிலிருந்து எங்கள் ஊர் வரை சிமெண்ட் விலங்குகளை நிறுத்தினார்கள். ஒரு யானை, ஒரு மான், ஒரு மயில், எங்களுக்கு ஒரு காளை. நடந்து போகிறவர்கள் அவற்றைப் பார்த்துச் சண்டை சச்சரவு வேண்டாம் என்று நினைக்க வேண்டும், உள்ளூர்க்காரர்களே அவற்றுக்கு வண்ணம் தீட்ட வேண்டும் என்பது அக்காவின் ஆசை. காளை கண்ணாயிரத்துக்குக் கிடைத்தது.

கண்ணாயிரம் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். யாரிடமும் சிரித்துத்தான் பேசுவார். எதிர் வீட்டில் மட்டும் அந்தச் சிரிப்பு இல்லை. அங்கே அவருடைய சொந்த அண்ணன் அர்ஜுனன் குடியிருந்தார். பொதுக் கிணற்றில் யார் என்றைக்கு மோட்டார் போடுவது என்று ஆரம்பித்த பேச்சு 1989இல் கைகலப்பானது. அதன் பிறகு இருவரும் பேசிக்கொண்டதில்லை.

காளையை அவர் அழகாகத்தான் வரைந்தார். நெற்றியில் வெள்ளைப் புறா. கழுத்தைச் சுற்றிக் கோத்துக்கொண்ட கைகள். வயிற்றில் கோபுரமும் மசூதியும் சர்ச்சும் பக்கத்துப் பக்கத்தில். பின்பக்கத்தை மட்டும் வெறும் சிமெண்டாகவே விட்டுவிட்டார். பீடத்தில் ஏற்றும்போது, அண்ணன் வீட்டுப் பக்கம் சாலையோரமாக நீளவாக்கில் நிற்க வேண்டிய காளையை மலையைப் பார்க்கத் திருப்பினார். மலை அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. காளையின் வால் அண்ணன் வாசலுக்கு நேராக வந்தது.

தெருவே சிரித்தது. "கண்ணாயிரம், இனிமே உங்க அண்ணி வாசல் தெளிக்க சாணி தேட வேணாம்யா!" என்று டீக்கடை சக்கரபாணி கத்தினார்.

அந்த மாதப் பௌர்ணமிக்கு அர்ஜுனன் மகள் எழிலரசியைப் பெண் பார்க்க வேலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அதற்கு முதல் நாள் அவள் சாலையைக் கடந்து சித்தப்பா வீட்டுக்கு வந்தாள்.

"சித்தப்பா, நாளைக்கு மட்டும் மாட்டத் திருப்பி வெய்ங்க. நாலு ஆளு புடிச்சா திரும்பிடும். வர்றவங்க வாசல்ல நின்னு பாத்தா இன்னா நெனப்பாங்க?"

"நந்தி மலையத்தான பாக்கணும்? உங்கப்பன் மூஞ்சியவா பாக்கும்?"

"அது நந்தியா சித்தப்பா? பீடத்துல சமாதானம்னு நீங்கதான எழுதுனீங்க?"

அவர் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே இருந்தார். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் கிரிவலக் கூட்டம் வந்தது. மலையைப் பார்த்து நிற்கும் காளையைச் சனங்கள் சும்மா விடுவார்களா? பிரதோஷத்துக்குக் கோயிலில் செய்வதையே இங்கேயும் செய்தார்கள். பின்னால் போய், பின்பக்கத்தில் கை வைத்து, இரண்டு கொம்புகளுக்கு நடுவே மலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பின்னால் என்றால் அர்ஜுனன் வாசல். அங்கே வரிசை நின்றுவிட்டது. அர்ஜுனன் மனைவி ரேணுகாம்பாள் வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்தார். பெயிண்ட் படாத அந்தச் சிமெண்ட், விபூதிக் கைகள் பட்டுப் பட்டு வெளுத்துப்போனது.

மாப்பிள்ளையின் அம்மா வெள்ளையம்மாளும் அந்த வரிசையில் நின்றுதான் வந்தார். கொம்புகளுக்கு நடுவே பார்த்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"வாசல்ல நின்னாலே தரிசனமா! யாருங்க இத இங்க வெச்சது?"

கண்ணாயிரம் காளையின் காலடியில் யாரோ ஏற்றிய கற்பூரத்தை அணைத்துக்கொண்டிருந்தார். சக்கரபாணி அவரையே பார்த்தார். அர்ஜுனன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"எந் தம்பிதாங்க. எங்க வாசலுக்கு நேரா வரணும்னு பாத்துப் பாத்து வெச்சான். அதோ நிக்கிறான் பாருங்க, எழிலுக்குச் சித்தப்பா."

"இப்டி ஒரு கூடப்பொறந்தவன் கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்று அந்த அம்மா அவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

கண்ணாயிரத்தால் பதிலுக்குக் கும்பிட முடியவில்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சம்பந்தம் முடிந்தது. கல்யாணத்தில் பந்தி விசாரித்துக்கொண்டு வந்த அர்ஜுனன், தம்பியின் இலைக்கு முன்னால் நின்று, "சாப்டியாடா?" என்றார். இவர் குனிந்த தலை நிமிராமல் "ம்" என்றார். பிறகு ஒருநாள் கண்ணாயிரம் உண்மையைச் சொல்லப் போனாராம். "எனக்குத் தெரியாதாடா? விடு" என்று சொல்லிவிட்டு அண்ணன் மோட்டார் போடப் போய்விட்டாராம். திட்டியிருந்தால் தேவலை என்றார் என்னிடம்.

இப்போது அது 'தம்பி வெச்ச மாடு'. பௌர்ணமிக்குப் பௌர்ணமி, அண்ணன்மேல் எவ்வளவு பாசம் என்று சனங்கள் பேசிக்கொண்டு போகிறார்கள். அந்த நாட்களில் கண்ணாயிரம் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. பின்பக்கத்துக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. கேட்டால், "அதத் தொட எனக்குக் கை வரல" என்கிறார்.

போன வாரம் என்னைக் கூப்பிட்டார்.

"வளவா, நீ ஏதோ எழுதுறியாமே. இத எழுது. எம் பேரப் போட்டே எழுது. வர்ற சனம் எனக்குக் குடுக்கிற பேரு என்னுது இல்லடா."

எழுதிவிட்டேன். படிக்கிறவர்கள் எங்கள் ஊர் வழியாக நடக்க நேர்ந்தால், அந்த வாசலில் பக்கத்தில் நிற்பவரிடம் இதைச் சொல்லுங்கள். தம்பி அந்த மாட்டைப் பாசத்தால் வைக்கவில்லை, அண்ணன்தான் அப்படிச் சொல்லி அவரைக் காப்பாற்றினார் என்று சொல்லுங்கள். அவர்களையும் அடுத்தவரிடம் சொல்லச் சொல்லுங்கள். கண்ணாயிரம் கேட்டுக்கொண்டது அவ்வளவுதான்.