வெள்ளைப் புருவ வில்லனுக்குக் குரல் கொடுத்தவர்

என் வீட்டுக்காரர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று காலை ஆறு மணியிலிருந்து ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பார். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்கு எப்போதும் இரவுப் பணிதான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் வார்டில் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் சொல்லவே வேண்டாம்.

ஞாயிறு மதியம், நான் தூங்கும் நேரமாகப் பார்த்து அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் மெத்தை தைப்பவர், இன்னொருவர் பூட்டு ரிப்பேர் செய்பவர். மூவரும் சேர்ந்து பழைய குங்ஃபூ படம் பார்ப்பார்கள். படமா அது! எல்லாவற்றிலும் அதே காடு, அதே சத்திரம், அதே உடையும் படிக்கட்டு. நூறு வயது குருவின் ஒட்டுத்தாடிக்குக் கீழே இருபத்தைந்து வயதுக் கழுத்து. ஒரு துறவி கையில் கடிகாரம் கட்டியிருந்தார். கூரையிலிருந்து விழுவது துணிப் பொம்மை என்று, அரைத் தூக்கத்தில் தண்ணீர் குடிக்க வந்த எனக்கே தெரிந்தது.

“இந்தக் கண்றாவியை எப்படிங்க பாக்குறீங்க?” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“பொம்மையை விடு, அந்த உதையைப் பாரு. ஆள் நிஜமா குதிக்கிறான், நிஜமா விழறான். கையில காசில்லாம, காலை மட்டும் நம்பி எடுத்திருக்காங்க,” என்றார். நான் விட்டுக்கொடுக்காமல் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டேன்.

டிவியில் சத்தமே வைக்கக் கூடாது என்பது என் உத்தரவு. அதனால் சத்தத்தை இவர்களே போட்டுக்கொண்டார்கள். மெத்தைக்காரர் திண்டைத் தட்டினால் குத்து. பூட்டுக்காரர் சாவிக்கொத்தை ஆட்டினால் வாள்சண்டை. வசனம், வாய்க்கு வந்ததுதான். ஆனால் வெள்ளைப் புருவ வில்லன் வந்துவிட்டால் மற்ற இருவரும் கப்சிப். அவன் என் வீட்டுக்காரருக்கே சொந்தம்.

இந்த வருஷம் அவருக்குத் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. பயப்படும்படி ஒன்றுமில்லை, எடுத்துவிட்டார்கள். குரல் கொஞ்ச நாள் கரகரவென்றுதான் இருக்கும், பேசப் பேசத்தான் திரும்பும், பேசாமலே இருந்தால் போனது போனதுதான் என்றார் டாக்டர். இவர் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசிப் பார்த்தார். தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி வந்தது. அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டார்.

ஆறு வாரம். எது வேண்டுமானாலும் காகிதத்தில் எழுதிக் காட்டுவார். கெஞ்சினேன், திட்டினேன், வாயைப் பிடுங்கிப் பார்த்தேன். ம்ஹூம். நிலையமே தலை நிமிர்ந்து கேட்ட குரல் அது; இந்தக் குரலை யாரும் கேட்டுவிடக் கூடாது என்று மனுஷனுக்கு வெட்கம். இப்படியே ஊமையாகிவிடுவாரோ என்று பயந்தேன். வார்டில் எத்தனையோ பேருக்குத் தைரியம் சொல்கிறவள், பகலில் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

கூட்டாளிகள் மட்டும் வருவதை நிறுத்தவில்லை. வில்லன் வரும்போதெல்லாம் மரியாதைக்குச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஆறாவது ஞாயிறு, வில்லன் கதாநாயகனுக்கு எதிரே நின்று நெடுநேரம் வாயசைத்துக்கொண்டே இருந்தானாம். மெத்தைக்காரருக்குப் பொறுக்கவில்லை, தானே பேச ஆரம்பித்துவிட்டார். பாவம், சொன்ன தேதிக்கு மெத்தையைத் தராமல் ஆயுசு முழுக்கச் சாக்குச் சொல்லியே பழகிய மனிதர். வில்லனுக்கும் அந்தப் பேச்சுதான் வந்தது.

“கோவிச்சுக்காதீங்க தம்பி, கடையில ஆள் லீவு. செவ்வாய்க்கிழமை கண்டிப்பா சண்டை போட்டுடலாம்.”

கதவுக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நொடி, ஒரு கரகரத்த குரல்.

“டேய், அவன் கொலைகாரன்டா! ஊரையே எரிச்சவன் உன்னை மாதிரி தவணை சொல்லுவானா?”

எழுந்து ஓடினேன். என் வீட்டுக்காரர் டிவிக்கு முன்னால் நின்று, வில்லனின் வசனத்தை முதலிலிருந்து பேசிக்கொண்டிருந்தார். அடேயப்பா! அந்தக் கரகரப்பு வில்லனுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. பழைய மணிக்குரலில் இப்படியொரு மிரட்டல் இருந்ததே இல்லை.

“இத்தனை நாளா நீ பஸ்ஸுக்குத்தான் அறிவிப்பு குடுத்திருக்கே மாப்ள. இன்னைக்குத்தான் வில்லன் பேசியிருக்கான்,” என்றார் பூட்டுக்காரர்.

அப்புறம்தான் என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. பழக்க தோஷத்தில் கை காகிதத்தைத் தேடியது. எனக்கு வந்ததே கோபம், அதைப் பிடுங்கிக் கசக்கி எறிந்தேன்.

“எழுதினா எனக்குப் படிக்கத் தெரியாது. என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க.”

கூட்டாளிகள் இருவரும் மும்முரமாகப் படம் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை என் பெயர் வந்தது, பாதியில் உடைந்து, தகரச் சத்தத்தோடு.

“இன்னொரு தடவை,” என்றேன்.