எல்லார் கையிலும் ஒரு ஸ்பூன்

இருக்கன்குடிக்குப் போவதற்காகச் சாத்தூர் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது தேவராஜ் அண்ணனிடமிருந்து போன் வந்தது. ரூபி டீச்சரின் கணவர். பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். மருந்து கலக்கும் அறையில் பற்றிய தீயில் முகம் வெந்துபோனது. தழும்பு ஆறியபோது உதடுகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. அவருடைய வாய் ஒரு சின்ன ஸ்பூன் நுழையும் அளவுக்குத்தான் திறக்கும். போனில் அவர் பேசுவது எனக்கு ஒரு தடவையில் புரிந்ததே இல்லை. "என்னண்ணே, என்னண்ணே" என்று கத்திக்கொண்டே இருப்பேன். அன்றைக்கு "ரூபி போயிட்டா டீச்சர்" என்றார். ஒரே தடவையில் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம். அம்மன் கோயில் பேருந்தை விட்டுவிட்டுச் சிவகாசிப் பேருந்தில் ஏறினேன்.

நம் பள்ளியில் ரூபி டீச்சர் அறிவியல், நான் கணக்கு. ஒன்றாகச் சேர்ந்தோம், ஒன்றாகவே ஓய்வு பெற்றோம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது நம்மோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் தெரியும். தலைமையாசிரியர் அறைக் கதவை அறைந்து சாத்திவிட்டு வரும்போதெல்லாம், "உக்காருங்க லட்சுமி டீச்சர். அந்தக் கதவு உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்துவார். அந்தக் குரலைக் கேட்பதற்காகவே இன்னொரு கதவை அறைந்து சாத்தலாம் போல இருக்கிறது இப்போது.

கிறிஸ்துமஸ் அன்று சிவகாசிக்குப் பக்கத்தில் சாட்சியாபுரத்தில் அவர் வீட்டுக்கு வந்தவர்கள் அந்த ஃபட்ஜை மறந்திருக்க மாட்டீர்கள். அவருடைய அம்மா வீட்டுப் பக்குவம். பால், சீனி, வெண்ணெய் மூன்றையும் அடி கனத்த சட்டியில் சுண்டக் காய்ச்சி, நெய் தடவிய தாம்பாளத்தில் கொட்டி, ஆறியதும் வில்லை போட வேண்டும். சொல்வதற்குத்தான் வில்லை. ரூபி டீச்சரின் ஃபட்ஜ் ஒரு வருடமாவது உறைந்ததுண்டா? தளதளவென்று கிண்ணத்தில் கிடக்கும். ஆளுக்கொரு ஸ்பூன் தருவார். "இதுக்குப் பேரு ஃபட்ஜா? ஸ்ரீவில்லிபுத்தூர்ல இதப் பால்கோவாம்பாகளே!" என்று நம் தமிழாசிரியர் ஆரம்பித்து வைப்பார். அறிவியல் டீச்சருக்குப் பாகு பதம் தெரியவில்லையே என்று நானும் சேர்ந்துகொள்வேன். "அடுத்த வருசம் பாருங்க, கல்லு மாதிரி நிக்கும்" என்று சிரிப்பார். அடுத்த வருடமும் ஸ்பூன்தான் வரும்.

ஒரு வருடம் எனக்குப் பொறுக்கவில்லை. நானே நின்று பதம் பார்க்கிறேன் என்று முந்தின நாள் மத்தியானமே போய் அவருடைய அடுப்படியில் நின்றுகொண்டேன். ரூபி டீச்சர் விடாமல் கிண்டினார். ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டார், கரைந்து ஓடியது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு. அது லேசாகத் திரண்டது, விரலில் உருளவில்லை. "இன்னும் ரெண்டு கிண்டு கிண்டுங்க, உருண்டுரும்" என்றேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம்.

"கூடி வர்ற நேரத்துல கெடுக்கிறீகளே டீச்சர்!"

அவர் வாசலை எட்டிப் பார்த்தார். வெளியே தேவராஜ் அண்ணன் காகித நட்சத்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மெதுவாப் பேசுங்க. கட்டியாப் போட்டா அவுகளால கடிக்க முடியாது."

"அண்ணனுக்கு மட்டும் முன்னாடியே ஒரு கிண்ணத்துல எடுத்து வச்சிரலாம்ல?"

"வைக்கலாம். நீங்க எல்லாரும் கையில எடுத்துக் கடிக்கையில அவுக மட்டும் ஸ்பூனோட உக்காந்திருக்கணுமே. தெனமும் அப்படித்தான சாப்பிடுறாக? அந்த ஒரு நாளாச்சும் எல்லாரும் ஸ்பூன்ல திங்கட்டும்."

நான் தாம்பாளத்தை எடுத்து வைத்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினேன். மறுநாள் எல்லோரையும்விடச் சத்தமாக ரூபி டீச்சரைக் கேலி செய்தது நான்தான். அண்ணன் உடம்பு குலுங்கச் சிரித்தார். உங்களில் பலருக்கு இந்த விஷயம் இதைப் படிக்கும்போதுதான் தெரிய வரும்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு ரூபி டீச்சர் இல்லை. அப்பா இப்போதெல்லாம் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுகிறார் என்று அவர்கள் மகள் போனில் அழுதாள். நான் பாலை அடுப்பில் ஏற்றினேன். உருளும் பதத்துக்குக் கொஞ்சம் முன்னால் அணைத்து, கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போனேன். நீங்களும் வந்திருந்தீர்கள். நான் ஸ்பூன்களைக் கொடுத்தபோது ஒருவரும் கேலி செய்யவில்லை. அண்ணன் உள்ளறைக்குப் போவாரோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். போகவில்லை. நம் நடுவிலேயே உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிட்டார். "சீனி கூடிப்போச்சு டீச்சர்" என்றார்.

எல்லோரும் போன பிறகு நான் ஸ்பூன்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்து பக்கத்தில் நின்றார்.

"அடுத்த வருசம் கட்டியாவே போடுங்க டீச்சர். எனக்காகத்தான் அவ எளக்கமா எறக்குனான்னு எனக்கு எப்பவோ தெரியும்."

நான் குழாயை மூடினேன். "அப்புறம் ஏண்ணே டீச்சர்கிட்ட ஒரு நாளும் சொல்லல?"

"சொன்னா நிப்பாட்டிருவாளே. எல்லாருக்கும் ஸ்பூன் குடுத்துட்டு, அடுப்படி வாசல்ல நின்னு என்னை ஒரு தடவ பாப்பா. அத எப்படி விட?"

ரூபி டீச்சரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது, அடுப்பை எப்போது அணைக்க வேண்டும் என்பது மட்டும்தான். அண்ணன் சொன்னாலும் நான் கட்டியாகப் போடுவதாக இல்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்கும் இளக்கமாகவே இறக்கி, எல்லார் கையிலும் ஒரு ஸ்பூன் கொடுப்பேன். கொடுத்து முடித்ததும் அந்த அடுப்படி வாசலை அண்ணனும் பார்ப்பார், நானும் பார்ப்பேன்.