அசையாமல் நிற்க வேண்டிய ஸ்வரம்

தைராய்டு ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் பக்கத்தில் நின்ற கணவரைக் கூப்பிட்டேன். காற்றுதான் வந்தது. குரல் நரம்பு கொஞ்சம் அடிபட்டிருக்கிறது, பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார் டாக்டர். அந்தப் 'பெரும்பாலும்' மீது எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. சின்ன வயதிலிருந்து பாடுகிறவளிடம் சொல்கிற பேச்சா அது?

சில மாதங்களில் பேச்சு தேறியது. இங்கே டெக்சாஸில், பேர்லேண்ட் கோயிலில் நடக்கும் வெள்ளிக்கிழமை பஜனைக்கும் போனேன். "ஆன்ட்டி, வாய்ஸ் சூப்பரா ரெகவர் ஆயிடுச்சு" என்றார்கள் கூடப் பாடுகிறவர்கள். எனக்கல்லவா தெரியும்! மேல் ஷட்ஜத்தில் குரல் உடைந்தது. உடையப்போகிறது என்று தெரிந்ததுமே ஒரு கமகத்தைப் போட்டு, ஸ்வரத்தை அசைத்து, வழுக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடுவேன். அதையும் அழகு என்று நினைத்துத் தலையாட்டினார்கள்.

குரலுக்குப் பயிற்சி கொடுத்துவந்த ஸ்பீச் தெரபிஸ்ட் ஏமாறவில்லை. மேற்கத்திய இசை சொல்லிக்கொடுக்கும் ஒரு அமெரிக்கப் பெண்ணிடம் அனுப்பிவைத்தாள். அந்த டீச்சர் பாடக் கொடுத்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் ஒரு பெண் இசையமைத்த காதல் பாட்டு. அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நம் பதம் பாட்டுகளில் நாயகி தோழியைத் தூது அனுப்பிவிட்டு உட்கார்ந்து புலம்புவாள். இந்தப் பாட்டில் வருகிறவள் யாரையும் அனுப்பவில்லை. காதலன் முகத்தைப் பார்த்தே காதலைச் சொல்கிறாள். அந்தக் காலத்தில் என்ன தைரியம் பாருங்கள்! காதல் என்ற சொல் வரும் இடம்தான் பாட்டிலேயே உச்சம். அங்கே பியானோ கிட்டத்தட்ட நின்றுவிடும், குரல் மட்டும் அசையாமல் நீண்டு நிற்க வேண்டும்.

நான் அசைத்தேன். டீச்சர் பியானோ வாசிப்பதை நிறுத்தினாள். மறுபடி பாடினேன், மறுபடி அசைத்தேன். "எங்கள் சங்கீதத்தில் இப்படித்தான்" என்று சண்டைக்கே போய்விட்டேன். அவள் சிரித்தாள். உடைந்தால் உடையட்டும், ஒளிக்காமல் பாடுங்கள் என்றாள். கண்டுபிடித்துவிட்டாளே என்று எனக்கு எரிச்சல். வீட்டுக்கு வந்து, "இனிமே அந்தப் பக்கமே போமாட்டேன்" என்றேன். "சரி" என்றார் கணவர். அடுத்த கிளாஸ் அன்று காரை ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டு காத்திருந்தார். வேறு வழியில்லாமல் ஏறினேன்.

அன்று கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். கை தன்பாட்டுக்குத் தொடையில் தாளம் போட்டது. அந்தச் சொல் வந்தது. கமகம் தொண்டை வரை வந்துவிட்டது, அதை அப்படியே அடக்கினேன். ஸ்வரம் லேசாக நடுங்கியது, பிறகு நின்றது. பியானோ திரும்ப வந்து சேரும் வரைக்கும் நின்றது.

"அப்பாடா!" என்று தமிழில் கத்திவிட்டேன். அவளுக்கும் புரிந்தது. என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அழுகை நிற்கவே இல்லை.

வெளியே பார்க்கிங்கில் கணவர் டெக்சாஸ் வெயிலில் இன்ஜினை அணைத்து, கார் ஜன்னலை ஏற்றிவிட்டு ஆபீஸ் கால் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏங்க! ஏசி போடாம, கண்ணாடியையும் ஏத்திட்டு உக்காந்திருக்கீங்களே, அறிவிருக்கா?" என்று வாசலிலிருந்தே கத்தினேன்.

பார்க்கிங் முழுக்கக் கேட்டது. போனைக் கட் பண்ணிவிட்டு இறங்கி வந்தார். கண் கலங்கியிருந்தது.

"இன்னொரு வாட்டி திட்டும்மா" என்றார்.

என் குரல் திரும்பாதோ என்று இத்தனை மாதமும் அவரும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். நன்றாகச் சத்தம் போட்டுத் திட்டினேன்.