மாரக்காளுக்கு வலி தெரியாது

"வலியா? அதெல்லாம் மத்தவிய ஊட்டுல இருக்குமுங்க. எனக்கு அது எப்படி இருக்கும்னே தெரியாது!"

சங்ககிரிப் பக்கத்து நிலக்கடலைக் காட்டில், பதினோரு பேர் சாட்சியாக மாரக்காள் சொன்னது இது. சொல்லும்போது, தேள் கொட்டிய கையாலேயே செடி பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

அப்பேர்ப்பட்ட வீராங்கனை பதினேழு வயதாகியும் பெரியவளாகவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? தாய் சென்னம்மாள் யோசித்துப் பார்த்து, இயற்கை செய்ய மறந்ததைத் தானே செய்து முடித்தாள். மகள் வயதுக்கு வந்துவிட்டதாக அறிவித்தாள். பச்சோலைக் குடிசை, தாய்மாமன் சீர், பந்தி எல்லாம் குறைவின்றி நடந்தன. குறைந்தது ஒன்றே ஒன்று. அதைப் பந்தியில் யாரும் கேட்கவில்லை.

கருப்பண்ணனுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு, மாதாமாதம் அமாவாசை கழிந்ததும் 'தூரம்' என்று மூன்று நாள் கொட்டகையில் ஒதுங்கினாள். மற்ற பெண்களுக்கு ஓரிரு நாள் முன்பின் ஆகும். இவள் ரயில் வண்டியைவிடக் கச்சிதம்.

ராத்திரிகளில் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். கருப்பண்ணன் அதை வெறுப்பு என்று எடுத்துக்கொண்டு, மெல்ல மெல்லக் கட்டிலை வாசலுக்கு நகர்த்தினான். ஊரார் அதைக் காவல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஐந்தாம் வருஷமும் பிள்ளை இல்லை என்று மாமியார் ராசிபுரத்தில் இன்னொரு பெண் பார்த்துவிட்டாள். "ஒருக்கா சேலத்து டாக்டரம்மாகிட்டக் காட்டிப் போட்டு அப்பறம் பேசலாம் ஆத்தா" என்று கருப்பண்ணன் வண்டி கட்டினான்.

டாக்டரம்மா மாரக்காளைத் தனியே சோதித்துவிட்டு, பிறக்கும்போதே கர்ப்பப்பை உருவாகவில்லை, உறவுக்கான வழியும் பாதிதான், இது யார் செய்த பாவமும் இல்லை என்றார். பாவத்தை இழுக்காமல் ஒருவர் அவளுக்குச் சொன்ன முதல் காரணம் அது.

'மருந்து குடுத்திருக்காங்க' என்று சொல்லிவிடலாம் என நினைத்தபடிதான் வெளியே வந்தாள். கருப்பண்ணன் மாடுகளைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

"என்னவாம்?"

"எனக்கு வயித்துல அந்தப் பையே இல்லையாமுங்க மாமா. பொறப்புலயே. மாசாமாசம் ஒதுங்குனதெல்லாம் பொய்யி."

நுகத்தடியைப் பிடித்தபடி நின்றான். பிள்ளையைப் பற்றிக் கேட்பான், ராசிபுரத்தைப் பற்றிச் சொல்வான் என்று அவள் காத்திருந்தாள்.

"அப்ப, நான் கிட்ட வந்தா மூஞ்சியத் திருப்பிக்கறியே," என்றான். "அது என்னயப் புடிக்காமத்தான?"

மாரக்காள் மாட்டின் முதுகைத் தடவினாள்.

"புடிக்காம இல்லீங்க மாமா." குரல் மாட்டுக்குக்கூட எட்டியிருக்காது. "வலிக்குது."