சூடு ஆறாத எடை

அவள் சாயா குடிக்கக் கிளம்பும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். மூடி மறைத்துப் பேச என்ன இருக்கிறது? பொறாமைதான்.

நாங்கள் இருவரும் ஒரே ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவிகள். நான் மட்டாஞ்சேரியிலிருந்து படகில் எறணாகுளம் வருவேன்; அவள் ஆலுவாவிலிருந்து மெட்ரோவில். எனக்கு ஒரு வருடம் பிந்திச் சேர்ந்தவள். வீட்டில் தமிழ் பேசுகிற இன்னொருத்தி வந்தாளே என்று முதல் வாரம் சந்தோஷப்பட்டேன். அதோடு சரி.

எங்கள் வேலை இதுதான். அலுமினியத்தை உருக்கி, அதில் ஒரு பொடியைக் கலந்து வார்த்து, சிறு குச்சியாகக் கடைந்தெடுப்போம். இருநூற்றைம்பது டிகிரி சூட்டில் சுழலும் எஃகுத் தட்டின்மேல் அந்தக் குச்சியை அழுத்தித் தேய்ப்போம். தேய்ப்பதற்கு முன்பு ஓர் எடை, தேய்த்த பிறகு ஓர் எடை. எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு தேய்மானம். என் கலவையில் அரிசி மில்லில் கிடைத்த உமிச்சாம்பல். அவளுடையதில் விலை கொடுத்து வாங்கிய சிலிக்கான் கார்பைடு. எது குறைவாகத் தேய்கிறதோ அது பிரேக் செய்யும் ஒரு கம்பெனிக்குப் போகும். அதைச் செய்தவளுக்கு அங்கே வேலை. இருந்தது ஒரே ஒரு வேலை.

அவள் ஒரு நாளைக்கு இரண்டு குச்சிதான் ஓட்டுவாள். ஒவ்வொன்றையும் இடுக்கியால் கழற்றி வைத்துவிட்டு, “அக்கா, இது ஆறட்டும். வாங்க, ஒரு சாயா குடிச்சிட்டு வரலாம்” என்பாள்.

“நீ போ. எனக்கு ஆயிரம் சோலி கிடக்கு.”

சோம்பேறி, இவளுக்குப் போய் நல்ல எண்ணாக வருகிறதே என்று பொருமுவேன். அவள் படியிறங்கிய கையோடு என் குச்சியை மாட்டிவிடுவேன். அவள் இரண்டென்றால் நான் நாலு முடிக்கவேண்டும். ஓடி முடிந்ததும் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, சுடச்சுடத் தராசில் வைப்பேன். கண்ணாடிக் கதவுக்குள் கடைசி இலக்கங்கள் நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்கும். சனியன் பிடித்த தராசு என்று திட்டிவிட்டு, முதலில் தெரிந்த எண்ணை எழுதிக்கொண்டு அடுத்ததை எடுப்பேன்.

என் நோட்டில் தேய்மானம் எப்போதும் அவளுடையதைவிடக் கூடுதல். எங்கள் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் சார் இரண்டு நோட்டையும் பார்த்தார், அவளைத் தேர்ந்தெடுத்தார். “உனக்கென்ன, கொடுத்து வச்சவ” என்று கை குலுக்கினேன். படகில் வீடு சேரும்வரை, அவளுக்கு அந்த வேலை நிலைக்கக்கூடாது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் பழைய குச்சிகளைப் பெட்டியில் அடுக்கினோம். லேபிளில் எடை எழுதவேண்டும். அவள் என் குச்சிகளையும் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தாள். மூன்றாவதில் நிறுத்திவிட்டாள்.

“அக்கா, நோட்டுல எழுதினத விட இதுக்கு எடை கூடுதலாட்டு இருக்கு. முன்னாடி வச்ச ரெண்டும் அப்படித்தான்.”

“தராசு கேடா இருக்கும்.”

“என்னோடது சரியா காட்டுதே.” என் முகத்தைப் பார்த்தாள். “ஆறுறதுக்கு முன்னாடியே வச்சீங்களோ?”

சூடான பொருளைச் சுற்றிக் காற்று மேலே எழும்பும், தராசு எடையைக் குறைத்துக் காட்டும், தேய்மானம் கூடுதலாகத் தெரியும். முதல் வருடப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்த பாடம்! அவள் மிச்சக் குச்சிகளையும் எடை போட்டு, பேப்பரில் கூட்டிக் கழித்தாள். என் உமிச்சாம்பல் குச்சிகள் அவளுடையதைவிடக் குறைவாகத்தான் தேய்ந்திருந்தன.

“ஐயோ அக்கா! இருங்க, சாரிட்ட சொல்லிட்டு வரேன்.”

“வேண்டாம்டீ” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் படியிறங்கிவிட்டாள். அரைமணி கழித்து அழுத முகத்தோடு திரும்பி வந்தாள். கம்பெனிக்குக் கடிதம் போய்விட்டது, இனி ஒன்றும் செய்யமுடியாது என்று சார் கையை விரித்துவிட்டாராம்.

அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், மூன்றாவது குச்சியோடு பெட்டியை மூடியிருப்பேன். எனக்காக அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். பாவி நான், அந்த அழுகையைப் பார்த்தும் பொறாமைதான் பட்டேன்.