உட்கார்ந்தே ஜெயித்த இடுப்பு

வாலிநோக்கத்தில் கருவாட்டு வியாபாரத்தில் என்னை உட்கார்ந்து ஜெயித்தவர் யாரும் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் இன்று இரண்டு கொட்டகைக்கு முதலாளி. விலை பேச உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன். எதிரே இருக்கிற ஆம்பிளை டீயைக் குடித்துவிட்டு, ஒதுங்க இடம் தேடி நெளிவார். அந்த நெளிவிலேயே என் விலைக்கு ஏறி வந்துவிடுவார். உப்பளத்தில் கூலி வேலை பார்த்தபோது, மறைவில்லாத வெட்டவெளியில் பொழுது சாயும்வரை அடக்கிப் பழகிய உடம்பு இது.

அப்பேர்ப்பட்ட எனக்குப் போன வருஷம் உட்கார முடியவில்லை. அடியில் முள் வைத்தது போல வலி. ஒன்றுக்குப் போனால் சொட்டுச் சொட்டாக வரும். வந்து உட்கார்ந்தால் மறுபடி முட்டும். மூத்திரச் சோதனை, ஸ்கேன், எதிலும் கோளாறு இல்லை. கொட்டகையில் காலியாகக் கிடந்த என் நாற்காலியை, கணக்கெழுதும் மருமகள் இனி தனக்குத்தான் என்பது போலப் பார்த்த பார்வைதான் முள்ளைவிடக் குத்தியது.

அவளே செல்போனில் ஒரு பயிற்சி காட்டினாள். பெண்களுக்கு அடியிடுப்புத் தசை தளர்ந்துபோகும், அதை இறுக்கி இறுக்கி விட வேண்டுமாம். இறுக்க எனக்கா சொல்லித்தர வேண்டும்? மூன்று மடங்கு செய்தேன். விடுகிற பாதியைச் சோம்பேறிகளுக்கு என்று ஒதுக்கிவிட்டேன். ஒரே வாரத்தில் நின்றுகொண்டே சோறு தின்னும் நிலை வந்தது.

ராமநாதபுரத்தில் டாக்டரம்மா என்னை பிசியோதெரபி பார்க்கும் ஒரு பெண்ணிடம் அனுப்பினார். அந்தப் பிள்ளை என் சம்மதம் கேட்டு, சோதித்துப் பார்த்தது.

"இரும்பா இருக்குல்ல?" என்றேன்.

"இருக்கும்மா. அதான் வியாதியே. அதுக்கு விடத் தெரியல."

எல்லாருக்கும் தளர்ச்சிதான் என்றில்லையாம். சில பெண்களுக்கு அந்தத் தசை இறுகியே கிடக்குமாம்; அதிலும் வலி வரும், மூத்திரம் முட்டும், மலம் இறங்காது என்றாள். இறுக்கும் பயிற்சியை நிறுத்தச் சொன்னாள். பொழுதுக்கும் அடக்கக் கூடாது என்றாள். மல்லாக்கப் படுக்கவைத்து, வயிறு உப்ப மூச்சை இழுத்து, அடியைத் தளர விடச் சொன்னாள். நான் தோற்ற வேலை அது ஒன்றுதான்.

"பல்லைக் கடிக்கிறீங்க, அதையும் விடுங்கம்மா" என்றாள்.

சில மாதம் போராடி விடப் பழகினேன். ஒருநாள் தூத்துக்குடி வியாபாரியோடு விலை பேசும்போது நடுவில் முட்டியது. எழுந்தால் பேரம் போச்சு. உட்கார்ந்தால் மறுபடியும் முள். எழுந்தேன். இத்தனை வருஷத்தில் நான் எழுந்து அவர் பார்த்ததில்லை.

"எங்கனக்கா போறீக? கோவமா?"

"ஒன்னுக்குப் போறேன்யா."

அவர் நம்பவில்லை. நான் திரும்பி வருவதற்குள் தானாகவே விலையை ஏற்றியிருந்தார். பக்கத்தில் கணக்கு நோட்டோடு இருந்த மருமகளும் சரி என்று தலையாட்டியிருந்தாள். நான் இருந்திருந்தால் இன்னும் ஏற்றியிருப்பேன், அது வேறு விஷயம். நாற்காலியில் முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். வலிக்கவில்லை. எனக்கும் ஒரு டீ சொன்னேன்.