துண்டு போட்டு மூடி வைத்த களி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதத்தில், சூளகிரி நெடுஞ்சாலையிலிருந்து புதுத் தொழிற்பேட்டைக்குப் பிரிகிற சாலை முனையில் நான் ஒரு இட்லிக் கடை போட்டேன். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு தள்ளுவண்டி, ஒரு கேஸ் அடுப்பு, இட்லிச் சட்டி, நாலு தூக்கு, அவ்வளவுதான். அதிலும் ஒரு கரண்டிகூட எங்களுடையது இல்லை. எல்லாம் ஓசூரில் இருக்கிற ஒரு சின்ன அறக்கட்டளை தந்தது. சொந்தமாக ஒரு வண்டி வாங்குகிற வரை இதை வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் இது வேறொரு குடும்பத்துக்குப் போகட்டும் என்று சொல்லித்தான் தந்தார்கள்.

எங்களுக்குச் சொந்த ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். நிலம் கிடையாது. அடுத்தவர் ராகிக் காட்டில் கூலி வேலை. கதிர் முற்றி அறுக்கப் போகிற நேரம் பார்த்து யானை இறங்கிவிடும். காட்டுக்காரருக்குப் பயிர் போகும், எங்களுக்குக் கூலி போகும். பயிருக்காவது நஷ்ட ஈடு கேட்டு மனு போடலாம், கூலிக்கு யாரிடம் போய்க் கேட்பது? சலித்துப்போய்த்தான் இரண்டு பிள்ளைகளோடு சூளகிரிக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் கம்பெனிக் கட்டடங்களில் வேலைக்குப் போனார். ஒரு நாள் சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். பிளேட் வைத்துக் கட்டி அனுப்பினார்கள். நடப்பார், ஆனால் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. நின்று செய்யாத வேலை கட்டடத்தில் ஏது? வீட்டிலேயே சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நான் தக்காளி மண்டியில் தரம் பிரிக்கப் போய்க்கொண்டிருந்தேன். அது வரத்து இருந்தால் வேலை, இல்லாவிட்டால் திரும்பி வர வேண்டியதுதான்.

மண்டியில் யாரோ சொல்லித்தான் அந்த அறக்கட்டளைக்காரர்கள் எங்களைத் தேடி வந்தார்கள். பெரிய பணக்காரர்கள் யாரும் அதில் இல்லை. கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து நடத்துகிறார்கள். ஆளுக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு, வார விடுமுறையில் போய்ப் பார்ப்பார்கள். எங்களுக்கு வாய்த்தவர் வண்டிப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற பெண். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். நான் அவரை அக்கா என்பேன், அவரும் என்னை அக்கா என்பார். எங்கள் இரண்டு பேரில் யார் மூத்தவர் என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

அவர்களிடம் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. வருமானம் என்ன, செலவு என்ன என்றெல்லாம் கேட்க மாட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து, அந்த வீட்டில் என்ன இருக்கிறதோ அதையே சாப்பிடுவார்கள். தனியாக எதுவும் செய்து போடக் கூடாது. ஒரு வீட்டின் நிலைமை தெரிய வேண்டுமானால் அந்த வீட்டுத் தட்டைப் பார்த்தால் போதும் என்பது அவர்கள் எண்ணம். இது எனக்கு முதல் நாள் தெரியாது. அக்கா ஸ்கூட்டியை நிறுத்தியதும் பின்பக்கமாக ஓடி, பக்கத்து வீட்டில் அரிசியும் முட்டையும் கைமாற்று வாங்கி வந்து தடபுடல் பண்ணிவிட்டேன். அவர் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று என் சின்னவனிடம் கேட்டார். களி என்றான். முந்தா நாள்? களி. அதற்கு முன்னால்? அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். அக்கா சிரித்துவிட்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

என்ன தொழில் செய்ய முடியும் என்று கேட்டபோது இட்லிக் கடை என்று சொன்னது நான்தான். அக்கா அப்போதே, உங்களுக்கு நன்றாகக் கைவந்தது எது என்று ஒரு வார்த்தை கேட்டார். இட்லிதான் என்று அடித்துச் சொன்னேன். உண்மையில் எங்கள் வீட்டில் இட்லி சுடுவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். ஆனால் ஐடி கார்டு மாட்டிக்கொண்டு வருகிற கம்பெனி ஆட்களுக்கு வேறு எதைக் கொடுப்பது? அவர்கள் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. முடிவு குடும்பத்தினுடையது என்பது அவர்களுடைய இன்னொரு வழக்கம்.

அந்த முனையில் ஏற்கெனவே இருந்த வண்டிகள் எல்லாமே இட்லி வண்டிகள்தான். கம்பெனி கேண்டீனிலும் இட்லிதான். போதாக்குறைக்கு என் இட்லி கல்லாக இருந்தது. ஒரு டிரைவர் அதைக் கையில் வைத்து எடை பார்ப்பது போல ஆட்டிவிட்டுப் போனதை நான் மறக்கவே மாட்டேன். விற்காத இட்லியை உதிர்த்து உப்புமா ஆக்கினேன். பிள்ளைகள் உப்புமா வாசனைக்கே தெருவுக்கு ஓடினார்கள். பங்குனி முழுக்க இப்படியே போனது. கேஸ் தீர்ந்தது, மாவு தீர்ந்தது, என் தைரியமும் தீர்ந்தது.

என் மகள் அப்போதுதான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். எங்கிருந்தோ மோப்பம் பிடித்து ஒரு புரோக்கர் வந்தார். வெளியூரில் நூல் மில், அங்கேயே ஹாஸ்டல், மூன்று வேளை சாப்பாடு, சில வருடம் கழித்துக் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று தேனாகப் பேசினார். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் வண்டி வரும், யோசித்து வையுங்கள் என்றார். எங்கள் ஊரிலிருந்து அப்படிப் போன பெண்களை எனக்குத் தெரியும். போனபோது இருந்த சிரிப்போடு ஒருத்தியும் திரும்பவில்லை. என் வீட்டுக்காரர் போகட்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மகள் பரண்மேல் இருந்த பையை எடுத்துத் தூசி தட்டி மூலையில் வைத்தாள். அவள் கணக்குப் பாடத்தில் கெட்டி. மேலே படிக்க வைக்க வேண்டுமானால் இந்த வண்டியில் ஏதாவது விற்றாக வேண்டும்.

சித்திரையில் ஒரு நாள் காலை. இரவு ஷிப்ட் முடிந்து ஆட்கள் ரூமுக்குத் திரும்புகிற நேரம். இட்லி பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. எங்களுக்கென்று விடியலில் கிளறிய ராகிக் களியையும் கீரைக் கடைசலையும் வண்டிக்குக் கீழே வைத்து, யார் கண்ணிலும் படாதபடி துண்டு போட்டு மூடியிருந்தேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் ஒரு பெயிண்ட் டப்பாவின்மேல் உட்கார்ந்திருந்தார். அப்போது அக்கா வந்தார். அவரும் இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார், அதே கம்பெனிச் சட்டையோடு. நான் தட்டில் இட்லியை எடுத்து வைத்தேன். அவர் தட்டைத் தொடாமல், நீங்கள் இதைத்தான் சாப்பிடப் போகிறீர்களா என்று கேட்டார். நான் கீழே பார்த்தேன். அவரும் கீழே பார்த்தார்.

"அக்கா, இங்க வேணாங்க்கா. ஊட்டுக்கு வாங்க, போடறேன். நாலு பேரு பாக்கறாங்க" என்றேன்.

"பாக்கட்டும். எனக்குப் பசி. அதைப் போடுங்க" என்றார்.

அழுகை வராத குறை. உருண்டையைத் தட்டில் வைத்து, நடுவில் குழி பண்ணிக் கடைசலை ஊற்றிக் கொடுத்தேன். அவர் ஒதுங்கி நிற்கக்கூட இல்லை. வண்டிக்கு முன்னால், சாலையைப் பார்த்து உட்கார்ந்து, கிள்ளிக் கிள்ளித் தொட்டு விழுங்க ஆரம்பித்தார். களியை மென்றால் தொலைந்தது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நான் இந்த மானக்கேடு சீக்கிரம் முடிந்தால் போதும் என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரு பைக் வந்து நின்றது. எங்கள் பக்கத்து ஆள் என்று பேச்சிலேயே தெரிந்தது. "ஏங்க்கா, களி கெடைக்குமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் என் வீட்டுக்காரர், "கெடைக்கும், எறங்குங்க" என்றார். அவர் பங்கு உருண்டை அந்த ஆளின் தட்டுக்குப் போனது. அந்த ஆள் இரண்டு வருடமாக ரூமில் பரோட்டாவும் கேண்டீன் சோறுமாகக் காலம் தள்ளுகிறாராம். சாப்பிட்டுவிட்டு, நாளைக்கும் உண்டா என்று கேட்டார். அதற்குள் லோடு ஏற்றுகிற வேலைக்கு வந்திருக்கும் ஒடிசாக்காரர்கள் மூன்று பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கு இது என்ன தெரியப் போகிறது என்று நான் நினைத்தேன். ஒருவர் தட்டைக் காட்டி, அரைகுறைத் தமிழில், எங்கள் மலையிலும் இந்தத் தானியம்தான், என் அம்மா இதில் கஞ்சி வைப்பாள் என்றார். சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. என் பங்கையும் எடுத்து மூன்றாகப் பிய்த்துக் கொடுத்தேன். அன்று எங்கள் இரண்டு பேருக்கும் சாப்பிட அந்தக் கல் இட்லிதான் மிஞ்சியது. என் வீட்டுக்காரர் ஒரு வாய் தின்றுவிட்டு, டிரைவர் ஆட்டிக் காட்டியது நியாயம்தான் என்றார். விழுந்ததிலிருந்து அவர் கேலி பேசி நான் கேட்டது அன்றுதான்.

அக்கா கை கழுவிவிட்டு வந்தார். புத்திமதி எதுவும் சொல்லவில்லை. கடைசலில் இன்னும் கொஞ்சம் பூண்டு போடலாம் என்றார், ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பெரிய பாத்திரத்தில் களி கிளற வேண்டி வந்தது. எனக்குக் கை ஓய்ந்துபோனது. என் வீட்டுக்காரர் என்னைத் தள்ளிவிட்டு, பலகையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு களி கிளறுகிற துடுப்பை வாங்கினார். சாரம் கட்டி உரமேறின கை. ஒரு கட்டி இல்லாமல் திரண்டு வந்தது. உட்கார்ந்து செய்கிற வேலை, அதே சமயம் பலம் வேண்டிய வேலை! இத்தனை நாள் கண்ணெதிரே இருந்தும் எங்களுக்குத் தோன்றவே இல்லை. நாலாம் நாள், தண்ணீர் அளவு தெரியாதா உனக்கு என்று என்னைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். வேறொரு சமயமாக இருந்தால் பதிலுக்குக் கொடுத்திருப்பேன். அன்று அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகத் தண்ணீர் ஊற்றினேன்.

இட்லிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தோம். களி, கீரைக் கடைசல், கொள்ளு ரசம், வெயில் ஏறினால் மோர் ஊற்றின ராகிக் கூழ். அக்காவும் அவர்கள் ஆட்களும் ஷிப்ட் முடிந்து வரும்போது தங்கள் கம்பெனிக்காரர்களைக் கூட்டி வந்தார்கள். நாங்கள் கூலி வேலை பார்த்த காட்டுக்காரரிடமே ராகி வாங்கினோம். ஒரு காலத்தில் என்னை 'ஏ புள்ள' என்றுதான் கூப்பிடுவார். இப்போது போன் போட்டு, "இன்னும் ரெண்டு மூட்டை அனுப்பட்டுமா, அம்மா?" என்று கேட்கிறார். யானை விட்டுவைத்ததெல்லாம் நமக்குத்தான் என்று நான் சொன்னதும் அவரும் சிரித்தார்.

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல கூட்டம். புரோக்கர் வந்து நின்றார். நாளை வண்டி வருகிறது, பெண் தயாரா என்று என்னிடம் கேட்டார். என் கை நிறையத் தட்டு. என் வீட்டுக்காரர் துடுப்பை நிறுத்தாமலே, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், ஆட்கள் வருகிற வழி என்றார். அந்த மனிதர் விடவில்லை. தட்டு கழுவிக்கொண்டிருந்த என் மகளிடமே போய், என்னம்மா, போகலாமா என்று கேட்டார். வீட்டு மூலையில் அந்தப் பை இன்னும் அப்படியேதான் இருந்தது. எங்கள் கஷ்டம் தீரட்டும் என்று சரி சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.

அவள் முந்தானையைப் போலச் செருகியிருந்த துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எங்களுக்கே ஆளு பத்தலீங்கண்ணா. பாத்திரம் கழுவ யாராச்சும் இருந்தா கூட்டியாங்க, சம்பளம் குடுத்தர்றோம். நான் பதினொண்ணாவது சேரப் போறேன்."

வாயில் களியோடு இருந்தவர்கள் சிரிக்க முடியாமல் திணறினார்கள். ஒடிசாக்காரர்களுக்குப் பாதிதான் புரிந்திருக்கும், அவர்கள்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார்கள். புரோக்கர் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். நான் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஆசை தீர அழுதேன். நான் எங்கே என்று கேட்டவர்களிடம், வெங்காயம் நறுக்குகிறாள் என்று என் வீட்டுக்காரர் சமாளித்தார்.

மகள் இப்போது கிருஷ்ணகிரியில் காலேஜில் கணக்குப் படிக்கிறாள். எங்களுக்குச் சொந்த வண்டி வந்துவிட்டது. பாத்திரம் கழுவ இரண்டு பெண்கள் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். இரவல் வண்டியைத் துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, அறக்கட்டளை காட்டிய வேறொரு குடும்பத்து வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். உங்கள் வறுமை எப்போது தீர்ந்தது என்று யாராவது கேட்டால் வண்டி வாங்கிய நாளை நான் சொல்வதில்லை. வேலைக்கு ஆள் பிடிக்க வந்தவரிடமே என் மகள் வேலைக்கு ஆள் கேட்ட அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்கிறேன், சொல்லும்போதெல்லாம் இன்றைக்கும் என் தலை தானாக நிமிர்கிறது.